மாமியாரின் மகன்

என் அம்மா சினிமாவில் மாமியார். நல்ல மாமியார் இல்லை. கொதிக்கிற பாத்திரத்தைப் பிடிதுணி இல்லாமல் இறக்கச் சொல்லிவிட்டு, எதிரே நின்று வெற்றிலை மெல்லுகிற மாமியார். அவள் கண்ணை உருட்டினால் தியேட்டரில் பின் வரிசையில் இருக்கிற குழந்தையும் அழும். வீட்டிலோ அவளுக்குப் பால்காரரிடம் "நேத்துப் பால் தண்ணியா இருந்துச்சு" என்று சொல்லக்கூட வராது. அதைச் சொல்ல என்னைத்தான் வாசலுக்கு அனுப்புவாள்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் அவளோடு மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போனேன். உறவில் ஒரு கல்யாணம். நூறு முழம் மல்லிகை வேண்டும். கடையில் இருந்த அம்மாள் என் அம்மாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பூக்கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒனக்கு நான் பூத் தரமாட்டேன். அந்தப் புள்ளைய வயித்துப் புள்ளையோட வெளிய தள்ளிட்டு ஒனக்கு மல்லி ஒரு கேடா?"

முந்தின வாரம் வெளியான படத்தைச் சொல்கிறார். அம்மா வாதாடவில்லை. "தப்புத்தான் தாயி. இன்னைக்கே போயி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துர்றேன்" என்றாள்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அதற்கப்புறம்தான் பூ வந்தது. திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அந்தப் பொண்ணு இப்ப வேற படத்துல எனக்கு மகளா நடிக்கிது. அதச் சொல்லியிருக்கலாமோ?" என்று கேட்டாள்.

அப்பாவுக்குத் தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. அதனால் நாங்கள் சென்னைக்குக் குடிபோகவில்லை. அம்மாதான் படப்பிடிப்புக்கு ரயிலேறிப் போய் வருவாள். அவள் ஊரில் இல்லாத நாட்களில் அப்பா சமைப்பார். எங்கள் தெருவில் யாரும் இதை நம்பவில்லை. அவள் அப்பாவை மிரட்டிச் சமைக்க வைக்கிறாள் என்றே பேசிக்கொண்டார்கள்.

எனக்குப் பெண் பார்த்த கதையும் இதோடு சேர்ந்ததுதான். ஜாதகம் பொருந்தும், படிப்பு பொருந்தும். பெண்ணின் அம்மா எங்கள் வீட்டுக்குள் வந்து என் அம்மா முகத்தைப் பார்த்ததும் எல்லாம் பொருந்தாமல் போய்விடும். கடைசியில் ஒரு பெண் தானே நேரில் வந்து விசாரித்தாள். அம்மா கையால் காப்பி வாங்கிக் குடித்தாள். போகும்போது என்னிடம், "ஒங்க அம்மாவப் பாத்தா பாவமா இருக்கு. நான் பாத்துக்கிறேன்" என்றாள். அவள்தான் என் மனைவி. இன்று வரைக்கும் அவளுக்கு மாமியார்மேல் ஒரே குறை: "அத்தைக்கிச் சண்டை போடவே தெரியல. நான் எம்புட்டுத்தான் தனியாப் போடுறது?"

நான் நடிக்க வந்தது என் ஆசையால்தான். அம்மா தடுக்கவும் இல்லை, தள்ளிவிடவும் இல்லை. கல்லூரி முடித்த மறு வருஷமே ஒரு தயாரிப்பாளர் என்னைக் கதாநாயகனாகப் போட்டுப் படம் எடுத்தார். அவர் என்னைப் பார்த்து முடிவு செய்யவில்லை, அம்மாவைப் பார்த்துத்தான் முடிவு செய்தார் என்பது மதுரை முழுக்க ஒட்டிய போஸ்டரைப் பார்த்தபோதுதான் புரிந்தது. மேலே பாதி இடத்துக்கு அம்மாவின் முகம். அதன்கீழே "இவரின் கலைவாரிசு". அதற்கும் கீழே, ரேஷன் கார்டு போட்டோ அளவுக்கு நான்.

முதல் நாள் காட்சிக்குத் தலையில் குல்லாவும் முகத்தில் கைக்குட்டையுமாகப் போய் உட்கார்ந்தேன். இடைவேளையில் கழிப்பறையில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

"என்ன மாப்ள, ஹீரோ எப்புடி?"

"அவன விடு மாப்ள. அவங்க அம்மா பின்னிட்டாங்கள்ல!"

அந்தப் படத்தில் என் அம்மா ஒரு காட்சியில்கூட இல்லை.

படம் அந்த வாரமே தியேட்டரைவிட்டுப் போனது. வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்பா மட்டும், "உச்சரிப்பு சுத்தமா இருந்துச்சுப்பா" என்றார். இரண்டாவது படம் அந்தப் பாராட்டுக்கும் வழி வைக்கவில்லை. அதில் எனக்கு வேறொருவர் குரல் கொடுத்திருந்தார்.

பிறகு படங்கள் வரவில்லை, கடை திறப்பு விழாக்கள் வந்தன. திருப்பரங்குன்றத்தில் ஒரு செல்போன் கடை திறக்கக் கூப்பிட்டார்கள். ரிப்பன் முன்னால் கத்தரிக்கோலோடு நின்றேன். கடைக்காரர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் கழித்து, "வெட்டிரவாண்ணே?" என்று கேட்டேன்.

"இருங்க தம்பி, அம்மா பின்னாடி வாராங்கள்ல?"

வரவில்லை என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நானே அம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அம்மா போனிலேயே கடையை வாழ்த்தினாள். ஸ்பீக்கரில் போட்டுக் கூட்டத்துக்குக் கேட்க வைத்தார்கள். கைதட்டல் அடங்கிய பிறகு நான் ரிப்பனை வெட்டினேன்.

கடைசியில் ஒரு தனியார் கல்லூரியின் நிர்வாக அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தாடி வந்தது, தொப்பை வந்தது. மாணவர்கள் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வருவார்கள். ஒருவர்கூட என்னை அடையாளம் கண்டதில்லை. அது நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் பஸ்ஸில் போகும்போது எதிர் சீட்டுக்காரர் பேசுகிற விதத்தை வீட்டுக்கு வந்து குளியலறைக் கண்ணாடி முன்னால் செய்து பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. மனைவி கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாள் போல.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள்தான் வாட்ஸப்பில் வந்த ஒரு செய்தியைக் காட்டினாள். மதுரைக்கு மேற்கே எடுக்கப்போகும் ஒரு சின்னப் படம். புது இயக்குநர், பெண். மதுரைப் பேச்சு தெரிந்த நடிகர்கள் வேண்டும். நடித்துக் காட்டி வீடியோ அனுப்பவும். அம்மா பேரைச் சொல்லாமல், சினிமாவுக்காக வைத்த பேரையும் சொல்லாமல், ஆதார் அட்டையில் இருக்கிற பேரில் அனுப்புவது என்று முடிவு செய்தேன். ஒரே ஒருதடவையாவது யாராவது என்னை எனக்காக எடுக்கவோ வேண்டாமென்று தள்ளவோ வேண்டும் என்று இருந்தது.

மொட்டைமாடியில் மனைவி செல்போனைப் பிடித்துக்கொள்ள, அண்ணன் தம்பி சொத்துச் சண்டை ஒன்றை நடித்தேன். நன்றாகத்தான் கத்தியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் மூச்சிரைக்கப் படியேறி வந்து, "என்ன தம்பி, புருஷன் பொஞ்சாதிக்குள்ள! கீழ பேசிக்கலாம் வாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் வந்து சமாதானம் செய்வதோடு சேர்த்தே அந்த வீடியோவை அனுப்பினோம். நாலாவது நாள் கூப்பிட்டார்கள்.

இயக்குநர் உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. என் பழைய படங்களை அவர் பார்த்திருக்கவில்லை. யார்தான் பார்த்தார்கள்? கதையில் நான் ஒரு பஸ் கண்டக்டர். வேலை போய்விடுகிறது. அதை அம்மாவிடம் சொல்ல முடியாமல் தினமும் காக்கிச் சட்டை போட்டு, பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, சாயங்காலம் வரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறவன். கேட்டதுமே எனக்குப் பிடித்துவிட்டது. கல்லூரியில் ஒரு மாதம் லீவு போட்டேன்.

எல்லாம் முடிவானபிறகு இயக்குநர் சொன்னார்: "அண்ணே, ஒங்க அம்மா வேஷத்துக்கு ஒருத்தங்கள மனசுல வச்சிருக்கேன். பெரிய ஆளு. மாமியார் வேஷமாவே கட்டுறவங்க. அவங்கள நல்ல அம்மாவாக் காட்டுனா எப்புடி இருக்கும்? மதுரையிலதான் வீடாம். நாளைக்குப் போயிக் கேக்கப் போறேன்."

எனக்கு வாயில் இருந்த டீ மூக்கில் ஏறியது.

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கொஞ்சமும் பதறவில்லை. "எத்தன நாள் நடிக்கணும்?"

"ஒனக்குப் பதினஞ்சு நாள்."

"அம்புட்டுத்தானே? மூணாவது மனுசங்க மாதிரி இருந்துருவோம். இதுவரைக்கும் எம்புட்டுப் பேருக்கு அம்மாவா நடிச்சிருக்கேன். ஒனக்கு அம்மா இல்லாத மாதிரி நடிக்க முடியாதா?"

மறுநாள் காலையில் கூடத்துச் சுவரிலிருந்து எங்கள் கல்யாணப் போட்டோவைக் கழற்றினோம். நானும் மனைவியும் மாடிப்படித் திருப்பத்தில் பதுங்கிக்கொண்டோம். இயக்குநர் வந்ததும், "வீட்டுல வேற யாரும் இல்லீங்களா?" என்று கேட்பது காதில் விழுந்தது.

"மகன் வெளியூர்ல இருக்கான்" என்றார் அப்பா. அவர் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். கேள்வித்தாளைப் பார்த்து வாசிக்கிற மாதிரி சொன்னார்.

ஒரு மணி நேரம் கதை ஓடியது. முடிந்ததும் அம்மா மெதுவாகக் கேட்டாள். "அந்த மகன் வேஷம் கட்டுற பையன் யாரும்மா? நல்லா நடிப்பானா?"

"பரவால்லம்மா. ஆள் நல்ல மாதிரி. கொஞ்சம் ஓவராப் பண்ணுவாரு. நான் கொறச்சுக்கிறேன்."

மனைவி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். அம்மா என்ன பதில் சொல்லப்போகிறாள் என்று நான் படியில் இன்னும் ஒரு படி இறங்கினேன்.

"கொறைங்க. கண்டிப்பாக் கொறைங்க" என்றாள் அம்மா.

படப்பிடிப்பு வாடிப்பட்டிக்கு அப்பால், நெல் வயலை ஒட்டிய ஒரு வீட்டில். அம்மாவும் நானும் வேறுவேறு வண்டியில் போய் இறங்கினோம். ஒரு வசதி, எனக்கு அம்மா ஜாடை கொஞ்சமும் கிடையாது. இன்னொரு வசதி, யூனிட் முழுக்க அவளை "அம்மா" என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படிக் கூப்பிட்டதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "வாங்கம்மா" என்று சொல்லவேண்டிய இடத்தில் வாய் தவறி "வாம்மா" என்று வந்துவிடும். அப்போதெல்லாம் ஒரு இருமல் இருமிச் சமாளித்தேன். அம்மா என்னைவிடக் கெட்டிக்காரி. என்னை "சார்" என்று கூப்பிட்டாள்.

"சாருக்கு எந்த ஊரு?"

"இங்கதாம்மா, தல்லாகுளம்."

"அப்பிடியா! நாங்களும் அங்கதான். பாத்ததே இல்லையே."

இதை எல்லோரும் கேட்கும்படி சத்தமாகவே செய்தாள். ரசித்துச் செய்தாள் என்றுதான் சொல்லவேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபிறகும் இரண்டு நாள் அவளுக்கு அந்த "சார்" போகவில்லை. "சார், ஒங்க துணியெல்லாம் மாடில காயுது. போயி எடுத்துட்டு வாங்க."

அம்மா இல்லாத காட்சிகள் மாட்டுத்தாவணியில் நடந்தன. கேமராவை ஒரு கடைக்குள் மறைத்து வைத்திருந்தார்கள். காக்கியில் உட்கார்ந்திருந்த என்னை நிஜப் பயணிகள் வந்து மொய்த்தார்கள். "கண்டக்டர் அண்ணே, மேலூர் வண்டி எப்ப எடுப்பீங்க?" நடிப்பை விடக்கூடாது என்று, "அஞ்சு நிமிசத்துல, ஏறி உக்காருங்க" என்று ஒரு பஸ்ஸைக் கை காட்டினேன். ஒரு குடும்பமே மூட்டை முடிச்சோடு ஏறியது. அது சென்னை வண்டி. உதவி இயக்குநர் ஓடிப்போய் அவர்களை இறக்கிக் கொண்டுவந்தார். அந்தக் குடும்பத் தலைவர் என்னைத் திட்டியது படத்தில் அப்படியே இருக்கிறது. படத்திலேயே இயல்பான நடிப்பு அவருடையதுதான்.

சிக்கல் ஏழாவது நாள் வந்தது. கதையில் முக்கியமான காட்சி. மகனுக்கு வேலை போனது அம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஆனால் அவள் கேட்கவில்லை. அவன் வழக்கம்போல வந்து உட்காருகிறான். அவள் சோறு போடுகிறாள். அவ்வளவுதான். காலையிலிருந்து எடுத்தோம். அம்மாவுக்குப் பல வருஷப் பழக்கம், தட்டை வைத்தாலே கண் உருண்டது. எனக்கோ பக்கத்தில் இருப்பவள் தெரியாதவள் என்று காட்டிக்கொள்வதிலேயே கவனம். போதாததற்கு ஓவராகவும் செய்தேன். பத்துப் பன்னிரண்டு தடவை எடுத்தபிறகு இயக்குநர் கேமராவுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. ரெண்டு பேரும் தனித்தனியாப் பாத்தா நல்லாருக்கு. ஆனா அம்மா புள்ள மாதிரி இல்ல. பஸ்ல பக்கத்துப் பக்கத்து சீட்டுல போற மாதிரி இருக்கு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வயலைப் பார்த்தேன். சாப்பாட்டு இடைவேளை விட்டார்கள்.

அன்றைக்கு அந்த வீட்டுக்காரப் பெண்மணி யூனிட்டுக்குத் தானே சமைத்துப் பரிமாறினார். எனக்கும் எதிர் வரிசையின் மறுகோடியில் இருந்த அம்மாவுக்கும் நடுவில் முப்பது பேர் இருப்பார்கள். நான் இலையைப் பார்க்காமல், பெற்ற தாயோடு தாய் மகனாக நடிக்கத் தெரியாத என் நிலைமையை நினைத்துக்கொண்டிருந்தேன். என் இலையில் கரண்டி இறங்கப் போகும்போது எதிர் வரிசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மருமகள்களை நடுங்க வைத்த அதே குரல்.

"ஏத்தா! அவனுக்குக் கத்திரிக்கா வைக்காத! ஒதடு வீங்கிப் போயிரும்!"

கரண்டி அந்தரத்தில் நின்றது. எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். இயக்குநர் திரும்பி, "அம்மா, ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?" என்று கேட்டார்.

திரையில் ஊரையே ஏமாற்றுகிற பொய்களை ஒரே டேக்கில் சொன்னவள் என் அம்மா. அன்று அவளுக்கு ஒரு பொய் கிடைக்கவில்லை. "இல்ல... சார் மொகத்தப் பாத்தேன். கத்திரிக்கா சேராத மொகம்" என்றாள்.

யாரோ சிரித்துவிட்டார்கள். நான் எழுந்து உண்மையைச் சொன்னேன். இயக்குநர் சிரிக்கவில்லை. "அப்ப நான் கதை சொல்ல வந்தன்னிக்கு வாசல்ல கெடந்த பெரிய செருப்பு?"

"என்னோடதுதான்."

அவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு வரப்பில் இறங்கி நடந்தார். எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. விளையாட்டாக ஆரம்பித்தது, ஒருத்தருடைய முதல் படத்தில் போய் நிற்கிறது. பின்னாலேயே ஓடினேன். பம்புசெட் தொட்டியருகே நின்றுகொண்டிருந்தார்.

"என்னைய வச்சு வெளாண்டுட்டீங்களேண்ணே" என்றார். கண் கலங்கியிருந்தது. "ஊரே சிரிக்கும், இந்தப் புள்ளைக்கு யாரு யாருன்னுகூடத் தெரியாம படம் எடுத்துச்சுன்னு."

மன்னிப்புக் கேட்டேன். எல்லாக் கதையையும் சொன்னேன். போஸ்டர், கழிப்பறை, செல்போன் கடை எல்லாவற்றையும். செல்போன் கடைக்கு வந்தபோது அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

"அம்மா பேரச் சொல்லியிருந்தா என்னைய எடுத்திருப்பீங்களா?" என்று கேட்டேன்.

"சத்தியமா எடுத்திருக்க மாட்டேன்" என்றார். "பெரிய வீட்டுப் புள்ள, காலைல பத்து மணிக்குத்தான் எந்திரிப்பாருன்னு விட்டிருப்பேன்."

இத்தனை வருஷமாக அந்தப் பேர் எனக்குக் கதவைத் திறக்கும் என்றுதான் ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் சிரித்து முடித்தபிறகு அவர், "வாங்க, வெளிச்சம் போறதுக்குள்ள அந்த சீன எடுப்போம். இந்தத் தடவ நீங்க நடிக்கவே வேணாம். பசிக்குதுல்ல? சாப்புடுங்க" என்றார்.

பசித்தது. சாப்பிட்டேன். அம்மா சோறு போட்டு ரசம் ஊற்றினாள். கண் உருளவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை. என் காக்கிச் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கி நின்றிருக்கும்போல, இடது கையால் அதை இழுத்து நேராக்கிவிட்டு உள்ளே போனாள். கதையில் அது கிடையாது. அதற்குப்பிறகு எனக்கு ஒரு வசனம் இருந்தது. அது மறந்துபோனது. என் முதல் படம் ஓடாமல் போன வாரத்தில் அவள் ஒரு கேள்விகூடக் கேட்காமல் இதேபோலத்தான் சோறு போட்டாள் என்பது மட்டும் ஞாபகத்துக்கு வந்தது. குனிந்து ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். "கட்" என்ற சத்தம் வரவே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் இயக்குநர் மானிட்டர் முன்னால் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

படம் வெளியானது. பெரிய வெற்றி என்று சொல்லமுடியாது. மதுரையில் நாலு வாரம் ஓடியது. போஸ்டரில் அம்மா முகமும் என் முகமும் ஒரே அளவு. யாருடைய வாரிசு என்றும் போடவில்லை. இரண்டாவது வாரம் நாங்கள் நாலு பேரும் மதியக் காட்சிக்குப் போனோம். அந்தச் சோற்றுக் காட்சி வந்தபோது தியேட்டரில் முறுக்குப் பொட்டலம் பிரிக்கிற சத்தம்கூட இல்லை. அம்மா என் காதருகே குனிந்து, "நல்லாப் பண்ணிருக்கு" என்றாள்.

"யாரு?" என்று கேட்டேன்.

"அந்த டைரக்டர் புள்ள."

அப்பா இருட்டில் என் முழங்காலைத் தட்டி, "உச்சரிப்பும்" என்றார்.

இப்போது அம்மாவுக்கு நல்ல அம்மா வேஷங்களாக வருகின்றன. அவளுக்கு அதில் அவ்வளவு திருப்தியில்லை. நாள் முழுக்க அழவேண்டியிருக்கிறது, தலை வலிக்கிறது, திட்டுகிற வேஷம் என்றால் உடம்புக்குச் சுறுசுறுப்பாக இருக்கும் என்கிறாள். நான் கல்லூரி வேலையை விட்டுவிட்டேன். பத்து நாள், பதினைந்து நாள் வேஷங்கள்: வாத்தியார், தாலுகா ஆபீஸ் அலுவலர், பெண்ணின் அண்ணன். இந்த மாதம் மேலூர்ப் பக்கம் ஒரு படத்தில் கால்நடை மருத்துவர். மாட்டுக்கு ஊசி போடுகிற மாதிரி நடிக்கவேண்டும். நான் தினமும் காலையில் ஒரு தொழுவத்துக்குப் போய் மாட்டிடம் பழகிவருகிறேன். எனக்குப் பழகிவிட்டது. மாடுதான் இன்னும் என்னை நம்பவில்லை.